கடலைச் சூடாக்குவது கடலடி எரிமலைகளா? அளவீடுகள் சொல்வது என்ன?

புதுடெல்லி: உலகக் கடல்களின் வெப்பநிலை அடுத்தடுத்து புதிய உச்சங்களைத் தொட்டு வருகிறது. இதற்குக் காரணம் மனிதர்கள் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலியமும் அல்ல, கடலுக்கு அடியில் வெடிக்கும் எரிமலைகளே என்ற கருத்து சமூக ஊடகங்களில் அவ்வப்போது பரவுகிறது. கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். கடலுக்கு அடியில் எரிமலைகள் இருப்பது உண்மை. அவற்றிலிருந்து வெப்பம் வெளியேறுவதும் உண்மை. ஆனால் எவ்வளவு வெப்பம், எவ்வளவு காலமாக, கடலின் எந்த அடுக்கில் என்ற மூன்று கேள்விகளுக்கும் அளவீடுகள் தரும் விடை இந்தக் கருத்துக்கு எதிராக உள்ளது.

காரணம் எது என்பதைப் பொறுத்தே தீர்வும் அமையும். எரிமலைதான் காரணம் என்றால் மனிதர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. எரிபொருள் பயன்பாடு காரணம் என்றால் அதைக் குறைக்க முடியும். லட்சத்தீவின் பவளப்பாறைகள், அரபிக்கடலில் உருவாகும் புயல்கள், கடலோர மக்களின் வாழ்வாதாரம் என இந்தியாவுக்கு நேரடியாகத் தொடர்புடைய பலவும் இந்தக் கேள்வியோடு பிணைந்துள்ளன.

கடலடி எரிமலைகள் எங்கே உள்ளன?

பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடங்களில், கீழிருந்து உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து புதிய கடல் தளத்தை உருவாக்குகிறது. இவ்வாறு உருவான நடுக்கடல் மலைத்தொடர், அட்லாண்டிக், இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் ஊடாக ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியுள்ளது. பூமியிலேயே மிக நீளமான மலைத்தொடர் இதுதான். உலகில் வெளிவரும் எரிமலைக் குழம்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடலுக்கு அடியில்தான் வெளிப்படுகிறது.

இந்த வெடிப்புகளில் பெரும்பாலானவை கரையில் இருப்போருக்குத் தெரிவதே இல்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 2,500 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு இருக்கும். அந்த அழுத்தத்தில் பாறைக்குழம்பில் உள்ள வாயுக்கள் திடீரென விரிவடைய முடியாது. எனவே எரிமலைக் குழம்பு அமைதியாகக் கசிந்து, குளிர்ந்த நீர் பட்டவுடன் வெளிப்புறம் இறுகி, தலையணைகளை அடுக்கி வைத்ததுபோல் உறைந்துவிடுகிறது.

1977-ஆம் ஆண்டு கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, ஆல்வின் என்ற ஆழ்கடல் நீர்மூழ்கியில் சென்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கடலடி வெந்நீர் ஊற்றுகளை முதன்முறையாக நேரில் கண்டனர். கடல் தளத்தின் விரிசல்கள் வழியே உள்ளே இறங்கும் நீர், சூடான பாறைகளால் வெப்பமடைந்து, தாதுக்களைக் கரைத்துக்கொண்டு மீண்டும் மேலே பீறிட்டு வருகிறது. சில ஊற்றுகளில் நீரின் வெப்பநிலை 350 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆனாலும், சுற்றியுள்ள நீரின் வெப்பநிலை 2 டிகிரி அளவிலேயே இருப்பதால், ஊற்றின் வாயிலிருந்து சிறிது தொலைவிலேயே அந்தச் சூடு கரைந்துவிடுகிறது.

அடியிலிருந்து வரும் வெப்பம் எவ்வளவு?

எரிமலைகள், வெந்நீர் ஊற்றுகள், பாறைகள் வழியே மெதுவாகக் கடத்தப்படும் பூமியின் உள்வெப்பம் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், கடல் தளத்திலிருந்து ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 0.1 வாட் வெப்பம் வெளியேறுகிறது. கடலின் மேற்பரப்பு சூரியனிடமிருந்து உறிஞ்சும் வெப்பமோ, இரவு பகல் அனைத்தையும் சேர்த்த சராசரியில், சதுர மீட்டருக்கு 150 வாட்டுக்கும் அதிகம்.

கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். 0.1 வாட் வெப்பம் சிறிதும் வெளியேறாமல் அப்படியே கடலில் தங்கிவிட்டாலும், அந்த நீர் முழுவதும் 1 டிகிரி சூடாக ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் ஆகும். நடைமுறையில் அது தங்குவதும் இல்லை. ஆழ்கடல் நீர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கால அளவில் சுழன்று மேலே வரும்போது, அந்த வெப்பமும் வளிமண்டலத்துக்குச் சென்று விடுகிறது.

மாறாக, கடல் தற்போது கூடுதலாகச் சேமித்து வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 வாட். அதாவது, அடியிலிருந்து வரும் மொத்த வெப்பத்தைப்போல் பத்து மடங்கு. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அடியிலிருந்து வரும் 0.1 வாட் புதிதாக வந்தது அல்ல; பல லட்சம் ஆண்டுகளாக வந்துகொண்டிருப்பது. ஒரு பெரிய அண்டாவின் அடியில் ஓர் அகல் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அண்டாவில் உள்ள நீர் இன்று திடீரெனச் சூடேறினால், நேற்றும் அதே அளவில் எரிந்த விளக்கை அதற்குக் காரணம் காட்ட முடியாது. புதிதாக மாறியது எது என்றுதான் பார்க்க வேண்டும்.

எரிமலைகளே காரணமாக இருக்க வேண்டுமானால், உலகெங்கும் கடல் தளத்திலிருந்து வரும் வெப்பம் சில பத்தாண்டுகளுக்குள் பல மடங்கு அதிகரித்திருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் நிலநடுக்கப் பதிவுக் கருவிகளில் அதன் தடம் தெரிந்திருக்கும். அத்தகைய பதிவு எதுவும் இல்லை.

மயோட் தீவு தரும் கணக்கு

ஆழ்கடலில் நடப்பது யாருக்கும் தெரியாமல் போய்விடுமே என்ற ஐயம் எழலாம். இதற்கு இந்தியப் பெருங்கடலிலேயே ஒரு சான்று உண்டு. மடகாஸ்கருக்கும் ஆப்பிரிக்கக் கண்டத்துக்கும் இடையே, பிரான்சின் ஆட்சிப் பகுதியான மயோட் தீவில் 2018-ஆம் ஆண்டு மே மாதம் தொடர் நிலநடுக்கங்கள் தொடங்கின. தீவே சில சென்டிமீட்டர்கள் கிழக்கு நோக்கி நகர்ந்து தாழ்ந்ததைச் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவிகள் பதிவு செய்தன. அந்த ஆண்டு நவம்பரில் அங்கிருந்து கிளம்பிய ஒரு விசித்திர அதிர்வு உலகின் பல பகுதிகளில் உள்ள கருவிகளில் பதிவானது.

2019 மே மாதம் ஆய்வுக் கப்பல் ஒன்று அப்பகுதியின் கடல் தளத்தை அளந்தபோது, தீவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், 3,500 மீட்டர் ஆழத்தில், 800 மீட்டருக்கும் அதிக உயரம் கொண்ட புதிய எரிமலை உருவாகியிருப்பது தெரியவந்தது. பின்னர் அதற்கு ஃபானி மயோரே எனப் பெயரிடப்பட்டது. வெளிவந்த எரிமலைக் குழம்பின் அளவு ஏறத்தாழ 5 கன கிலோமீட்டர். ஆவணப்படுத்தப்பட்ட கடலடி வெடிப்புகளில் இது மிகப் பெரியவற்றுள் ஒன்றாகும்.

இந்தக் குழம்பு முழுவதும் ஏறத்தாழ 1,200 டிகிரியிலிருந்து கடல் நீரின் வெப்பநிலைக்குக் குளிர்ந்து, தன் வெப்பம் அனைத்தையும் கடலுக்கே கொடுத்துவிட்டதாக வைத்துக் கணக்கிட்டாலும், உலகக் கடல்கள் இன்று ஏறத்தாழ ஒரே நாளில் கூடுதலாகச் சேமிக்கும் வெப்பத்துக்கே அது ஈடாகும். அத்தகைய எரிமலை ஒன்று ஒவ்வொரு நாளும் புதிதாக உருவானால்தான் கணக்கு சரிவரும்.

வெப்பம் எந்தத் திசையிலிருந்து வருகிறது?

அடுப்பின் மேல் உள்ள பாத்திரத்தில் அடிப்பகுதி நீர்தான் முதலில் சூடாகும். எரிமலைகள் காரணம் என்றால் ஆழ்கடல் நீரே அதிகம் சூடாகியிருக்க வேண்டும். அளவீடுகள் காட்டுவது இதற்கு நேர் எதிரானது.

உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் இயங்கி வருகின்றன. இவை 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்தபடி மேலே வந்து, தரவுகளைச் செயற்கைக்கோள் மூலம் அனுப்புகின்றன. பத்து நாள்களுக்கு ஒருமுறை இந்தச் சுழற்சி நிகழ்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) இத்திட்டத்தில் இந்தியாவின் தரவு மையமாகச் செயல்படுகிறது.

இத்தகைய தரவுகளின்படி கடலின் மேல் அடுக்குகளே வேகமாகச் சூடாகின்றன. ஆழம் கூடக் கூட வெப்ப உயர்வு குறைகிறது. 1971 முதல் 2018 வரை பூமி கூடுதலாகப் பெற்ற வெப்பத்தில் ஏறத்தாழ 91 விழுக்காட்டைக் கடல்கள் ஏற்றுக்கொண்டதாகவும், அதில் பாதிக்கும் மேற்பட்டது மேல் 700 மீட்டரில் தங்கியுள்ளதாகவும் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் (ஐபிசிசி) ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை தெரிவிக்கிறது.

பழைய பதிவுகளும் இதையே உறுதி செய்கின்றன. பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி வந்து கடல் வெப்பநிலையை ஆழவாரியாக அளந்தது. அந்த அளவீடுகளை ஆர்கோ தரவுகளுடன் ஒப்பிட்டு 2012-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மேற்பரப்பில் ஏறத்தாழ 0.6 டிகிரியும், மேல் 700 மீட்டரில் சராசரியாக 0.33 டிகிரியும் வெப்பம் உயர்ந்திருப்பது கண்டறியப்பட்டது.

அப்படியானால் உண்மையான காரணம் என்ன?

கடல் சூரியனிடமிருந்து வெப்பம் பெறுகிறது. நீராவியாகவும் அகச்சிவப்புக் கதிர்களாகவும் அதை வெளியேற்றுகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும் வரை வெப்பநிலை பெரிதாக மாறாது. வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடு (கரியமில வாயு), மீத்தேன் போன்றவை அதிகரிக்கும்போது, வெளியேற வேண்டிய வெப்பத்தின் ஒரு பகுதி தடுக்கப்படுகிறது. செலவு குறைவதால் மீதம் கடலில் சேர்கிறது. காற்றைவிட நீருக்கு வெப்பத்தைச் சேமிக்கும் திறன் மிக அதிகம். கடலின் மேல் சுமார் 3 மீட்டர் நீர் மட்டுமே, ஒட்டுமொத்த வளிமண்டலத்துக்கு இணையான வெப்பத்தைச் சேமிக்க வல்லது.

தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடின் அளவு பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்தது. ஹவாய் தீவில் மௌனா லோவா நிலையத்தில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958-ஆம் ஆண்டு தொடர் அளவீட்டைத் தொடங்கியபோது அது 315 பங்காக இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

அந்த வாயுவை எரிமலைகள்தான் வெளியிடுகின்றனவா?

எரிமலைகளும் கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன. ஆனால் நிலத்திலும் கடலடியிலும் உள்ள எரிமலைகள் அனைத்தும் சேர்ந்து ஓராண்டில் வெளியிடும் அளவு, மனிதச் செயல்பாடுகளால் வெளியாகும் அளவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் கணக்கிட்டுள்ளது. புதைபடிவ எரிபொருள்களால் மட்டும் ஆண்டுக்கு 3,700 கோடி டன் அளவில் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது.

காற்றில் உள்ள கார்பனின் தன்மையும் அதன் மூலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. தாவரங்கள் கார்பன்-13 என்ற சற்றே கனமான வகையைக் குறைவாக எடுத்துக்கொள்கின்றன. பண்டைய தாவரங்களிலிருந்து உருவான நிலக்கரியிலும், கடல்வாழ் நுண்ணுயிர்களிலிருந்து உருவான பெட்ரோலியத்திலும் அந்த வகை குறைவாகவே உள்ளது. எரிமலைக் கார்பனில் இந்தக் குறைவு இல்லை. வளிமண்டலத்தில் கார்பன்-13-இன் விகிதம் தொடர்ந்து குறைந்து வருவது, புதிதாகச் சேர்வது எரிபொருளிலிருந்து வந்த கார்பன் என்பதற்குச் சான்று. எரிதலுக்குத் தேவையான ஆக்சிஜனின் அளவு காற்றில் சிறிது சிறிதாகக் குறைந்து வருவதும் இதையே காட்டுகிறது.

பெரிய வெடிப்புகள் பருவநிலையை மாற்றாதா?

மாற்றும், ஆனால் பெரும்பாலும் குளிர்விக்கும் திசையில். 1991 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை வெடித்தபோது வெளியான கந்தக டை ஆக்சைடு, அடுக்கு மண்டலத்தில் நுண்துகள் படலமாகி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பியது. உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி வரை தற்காலிகமாகக் குறைந்தது.

2022 ஜனவரி 15 அன்று டோங்கா நாட்டின் ஹுங்கா டோங்கா-ஹுங்கா ஹாபாய் எரிமலை வெடித்தது சற்று வேறுபட்ட நிகழ்வு. அதன் வாய் ஆழம் குறைந்த கடலில் இருந்ததால் வெடிப்பு அடங்கிப் போகவில்லை. புகைத்தூண் 50 கிலோமீட்டருக்கும் மேலே எழுந்தது. அடுக்கு மண்டலத்தில் இருந்த நீராவியில் ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்கு இணையான நீராவி ஒரே நாளில் அங்கு சேர்ந்தது. நீராவியும் வெப்பத்தைத் தடுக்கும் வாயு என்பதால், 2023-ஆம் ஆண்டின் வெப்ப உயர்வுக்கு இதுவே காரணம் எனப் பேசப்பட்டது. எனினும், வெடிப்பில் உருவான கந்தகத் துகள்கள் குளிர்விக்கவும் செய்தன. நிகர விளைவு மிகச் சிறியது என்றே அதன்பின் வந்த ஆய்வுகள் கூறுகின்றன.

2023, 2024-ஆம் ஆண்டுகளில் கடல் வெப்பம் திடீரென உயர்ந்ததற்குப் பசிபிக் கடலில் உருவான எல் நினோ நிலை ஒரு முக்கியக் காரணம். கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச வரம்பு 2020 ஜனவரி முதல் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதால், சூரிய ஒளியைத் தடுத்துவந்த துகள்கள் குறைந்ததும் ஒரு பங்கு வகித்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நீண்டகால உயர்வின் மேல் இவை சேர்ந்துகொண்டன.

எரிமலையின் தாக்கம் எங்கே உண்மையாகத் தெரிகிறது?

உள்ளூர் அளவில் கடலடி எரிமலைகளின் விளைவு கடுமையாகவே இருக்கக்கூடும். ஸ்பெயினின் கானரித் தீவுகளில் உள்ள எல் ஹியரோ தீவுக்கு அருகே 2011 அக்டோபரில் தொடங்கிய கடலடி வெடிப்பால், அருகிலிருந்த நீர் சூடாகி, அமிலத்தன்மை கூடி, மீன்கள் செத்து மிதந்தன. வெடிப்பு அடுத்த ஆண்டு மார்ச்சில் ஓய்ந்தது. தீவைச் சுற்றியுள்ள கடலுக்கு அப்பால் அதன் வெப்பம் உணரப்படவில்லை.

மேற்கு அண்டார்டிகாவின் பனிப்படலத்துக்கு அடியிலும் எரிமலைகள் உள்ளன. ஆனால் அங்குள்ள பனித்தட்டுகள் கீழிருந்து கரைவதற்கு முதன்மைக் காரணம், ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பான ஆழ்நீர் அவற்றின் அடியில் புகுவதே. கடலடி வெப்பம் ஆழ்கடல் நீரோட்டங்களை நீண்டகால அளவில் பாதிக்கிறது என்பதையும் கடலியல் ஏற்கிறது. ஆனால் அது நிலையான பங்களிப்பு. கடந்த அரை நூற்றாண்டின் உயர்வை அது விளக்காது.

இந்தியப் பெருங்கடலில் நிலைமை என்ன?

வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி உயர்ந்ததாக மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. இதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 டிகிரி. சூடான நீர் விரிவடைவதும் பனி உருகுவதும் சேர்ந்து, வட இந்தியப் பெருங்கடலின் நீர்மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வு, 1982 முதல் 2018 வரை மேற்கு இந்தியப் பெருங்கடலில் 66, வங்காள விரிகுடாவில் 94 கடல்சார் வெப்ப அலைகள் ஏற்பட்டதாகக் கணக்கிட்டது. 2020 மே மாதம் ஏற்பட்ட அத்தகைய வெப்ப அலையால், தமிழ்நாட்டை ஒட்டிய மன்னார் வளைகுடாவில் 85 விழுக்காடு பவளப்பாறைகள் வெளுத்துப்போயின. 2024-ஆம் ஆண்டு லட்சத்தீவிலும் பெரும் பரப்பில் பவளப்பாறைகள் வெளுத்ததை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்தது. பல மீன் இனங்கள் முட்டையிட்டு வளரும் இடங்கள் இவை. இந்த இழப்பு மீனவர்களின் வலையில்தான் முதலில் தெரியும்.

சூடான கடல் மேற்பரப்பு புயல்களுக்கும் ஆற்றல் தருகிறது. ஒரு காலத்தில் புயல்கள் அரிதாக இருந்த அரபிக்கடலில், அவற்றின் எண்ணிக்கையும் வலிமையும் அண்மைப் பத்தாண்டுகளில் கூடியிருப்பதை இந்திய வானிலை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

இந்தியாவின் எரிமலைகளும் ஆழ்கடல் ஆய்வும்

இந்தியாவில் தற்போது செயல்படும் ஒரே எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. ஸ்ரீ விஜயபுரத்துக்கு (முந்தைய போர்ட் பிளேர்) வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தீவு, நீர்மட்டத்துக்கு மேலே 354 மீட்டர் மட்டுமே தெரிகிறது. அதன் பெரும்பகுதி கடலுக்குள் மறைந்துள்ளது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உறங்கிக் கிடந்த அது 1991-இல் விழித்தெழுந்து, அதன்பின் அவ்வப்போது சீறி வருகிறது.

இந்தியப் பெருங்கடலின் நடுக்கடல் மலைத்தொடரில், ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் வெந்நீர் ஊற்று ஒன்றை இந்திய விஞ்ஞானிகள் முதன்முறையாகப் படம்பிடித்த செய்தி 2024 டிசம்பரில் வெளியானது. சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும், கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் இணைந்து, சாகர் நிதி கப்பலிலிருந்து தானியங்கி நீர்மூழ்கியை இறக்கி இதைச் செய்தன. செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி போன்ற உலோகத் தாதுக்களும், சூரிய ஒளியின்றி வாழும் உயிரினங்களும் அங்கே காணப்படுகின்றன. இவற்றை அறியவே கடலடி எரிமலைகள் ஆராயப்படுகின்றன. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் சமுத்ரயான் திட்டமும் 2021-இல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் இயக்கத்தின் பகுதியே.

தகவலைச் சரிபார்ப்பது எப்படி?

கடலடி எரிமலை வெடித்தது என்ற செய்தி வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

* வெளிவந்த வெப்பத்தின் அளவு, கடல் கூடுதலாகச் சேமிக்கும் வெப்பத்துடன் ஒப்பிட்டுச் சொல்லப்பட்டுள்ளதா? "ஆயிரம் டிகிரி" என்ற சொல் வெப்பநிலையைத்தான் குறிக்கும். மொத்த வெப்பத்தை அல்ல.
* அந்த எரிமலைச் செயல்பாடு முன்பைவிட அதிகரித்துள்ளது என்பதற்கு அளவீடு உள்ளதா?
* வெப்ப உயர்வு அடியில் அதிகமா, மேற்பரப்பில் அதிகமா?

இதுவரை கிடைத்துள்ள தரவுகளை இக்கேள்விகளுடன் பொருத்திப் பார்த்தால், கடலைச் சூடாக்கும் கூடுதல் வெப்பம் மேலிருந்தே வருகிறது என்பது தெளிவாகிறது. கடல் ஏற்கெனவே சேமித்த வெப்பம் உடனே குறையாது. வெளியேற்றம் நின்றாலும் ஆழ்கடல் சூடாவதும் நீர்மட்டம் உயர்வதும் நூற்றாண்டுக் கணக்கில் தொடரும் என ஐபிசிசி எச்சரிக்கிறது. ஆனால் அது எவ்வளவு வேகத்தில், எந்த அளவுக்குத் தொடரும் என்பதை இனி எரிக்கப்படும் எரிபொருளின் அளவே முடிவு செய்யும் என்றும் அதே அறிக்கை கூறுகிறது.